மெதுவாக்கும்போது எஞ்சின் ஓஃப் ஆகிறதா? மலைப்பாதை வண்டிக்கு ஒரு சோதனை வரிசை

வண்டி நன்றாக ஏறும், இழுவையில் ஒரு குறையும் இராது. வளைவுக்கு முன்னால் எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்து பிரேக் பிடித்ததும் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் விறுவிறுவென்று கீழே போய், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கெல்லாம் ஒன்றாக எரியும். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். அடுத்த பஜாரில் பஸ்ஸுக்குப் பின்னால் மெதுவாகும்போது மறுபடி நிற்கும்.

நான் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் பன்னிரண்டு வருஷமாக ஹயர் ஓடுகிறேன். என்னுடைய இரண்டு கார்களிலும் சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் வண்டிகளிலும் நான் அதிகமாகக் கை வைத்த கோளாறு இதுதான். பலபேர் முதல் வாரத்திலேயே பெற்றோல் பம்ப், பிளக், கொயில் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, கடைசியில் ஒரு டின் கிளீனரில் சரியான கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இங்கே எல்லாவற்றையும் காசு குறைந்ததில் இருந்து கூடியதுக்கு என்ற வரிசையில் எழுதுகிறேன். உங்கள் வண்டி எப்படி நிற்கிறது என்று பார்த்து அந்தத் தலைப்புக்குப் போங்கள். அடுத்த தலைப்பை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

## இறக்கத்தில் நின்றுவிட்டால், அந்த நொடியில்

சமதரையில் இது தொந்தரவு, நம் பாதையில் ஆபத்து. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து கம்பளை வரைக்கும் இறங்கினால் 1,300 மீற்றருக்கும் மேல் இறங்குகிறோம், அதில் பாதிக்குமேல் வளைவுதான். என் பழைய கார் ஒரு தடவை லபுக்கலை தாண்டி றம்பொடைக்கு இறங்கும் வழியில் வளைவுக்குள் வைத்து நின்றது. முதல் மிதிக்கு பிரேக் வழக்கம்போல் பிடித்தது. பயத்தில் காலை எடுத்து இரண்டாவது தரம் மிதித்தேன், பாதிதான் பிடித்தது. மூன்றாவது மிதி கருங்கல்லை மிதிப்பது போல இருந்தது, இரண்டு காலையும் வைத்து அழுத்தித்தான் மண்மேட்டுப் பக்கம் ஒதுக்கினேன். பின் சீற்றில் ஒரு அம்மாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர், எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெக்கியூமில் வேலை செய்கிறது. எஞ்சின் நின்றாலும் ஒன்றிரண்டு மிதிக்குப் போதுமானது உள்ளே மிச்சம் இருக்கும். அதனால் பிரேக்கைப் பம்ப் பண்ணாதீர்கள், ஒரே மிதியாக மிதித்து காலை எடுக்காமல் பிடியுங்கள். ஸ்டியரிங் இறுகும், ஆனால் திரும்பும், இரண்டு கையாலும் பலமாகப் பிடியுங்கள். சாவியைப் பின்னுக்கு லொக் வரைக்கும் திருப்பவே கூடாது. நேரான பாதையும் இடமும் இருந்தால் ஓட்டோ கியரை நியூட்ரலுக்குத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். மெனுவல் வண்டி என்றால் கியரில் விட்டு கிளச்சை மெதுவாக எடுங்கள், சக்கரமே எஞ்சினைச் சுழற்றி ஸ்டார்ட் ஆக்கிவிடும். வளைவு கிட்டே இருந்தால் ஸ்டார்ட் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் வண்டியை நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜெக்ஷன் வண்டி கியரில் கால் எடுத்து இறங்கும்போது அநேகமாகப் பெற்றோலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காக, அதாவது எஞ்சின் சும்மா ஓடுவதற்காக, குடித்துக்கொண்டிருக்கும். நிற்கும் கோளாறு உள்ள வண்டியை நியூட்ரலில் இறக்குவது உயிரோடு விளையாடுவது. குறைந்த கியரில் இறங்குங்கள்.

## இது கோளாறுதானா?

ஜப்பானில் இருந்து வந்த வேகன் ஆர் மாதிரி வண்டிகளை முதல்முதலாக வாங்கியவர்கள் சிலர் பதறிப்போய் ஃபோன் எடுப்பார்கள். அவற்றில் ஐட்லிங் ஸ்டாப் இருக்கிறது. பிரேக் பிடித்து மெதுவாகும்போது, சில மொடல்களில் வண்டி முழுதாக நிற்கும் முன்னமே, எஞ்சின் தானாக நிற்கும், பிரேக்கில் இருந்து காலை எடுத்ததும் தானாக ஸ்டார்ட் ஆகும். அதற்கென்று டேஷ்போர்டில் பச்சை விளக்கு ஒன்று எரியும், நிறுத்திவைக்க ஒரு சுவிட்சும் இருக்கும். ஹைபிரிட்டிலும் எஞ்சின் நின்று நின்று வருவது இயல்பு. அந்த சுவிட்சால் ஐட்லிங் ஸ்டாப்பை ஓஃப் பண்ணியும் நின்றால், அல்லது சாவி போட்டு ஸ்டார்ட் பண்ண வேண்டி வந்தால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

பொனட்டைத் திறக்கும் முன் ஒரு கொப்பியில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: எஞ்சின் குளிரிலா சூட்டிலா நின்றது, ஏ.சி. போட்டிருந்ததா, காலை எடுத்ததும் நின்றதா பிரேக் மிதித்ததும் நின்றதா, மறுபடி உடனே ஸ்டார்ட் ஆனதா. மூன்று நாலு தடவை எழுதினாலே பாதி விடை வந்துவிடும். ஏற்றத்தில் இழுவை குறைந்து குறைந்து நின்றால் பெரும்பாலும் பெற்றோல் போகும் வழியில் கோளாறு. நன்றாக ஏறிவிட்டு மெதுவாகும்போது மட்டும் நின்றால் பெரும்பாலும் காற்று போகும் வழியில்.

## கால் எடுத்ததும் நிற்கும், உடனே ஸ்டார்ட் ஆகும்

பத்து வண்டி வந்தால் பாதிக்குமேல் இந்த ரகம்தான்.

முதலில் எயர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். ஃபில்டர் பெட்டியில் இருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கையால் வளைத்து மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். சும்மா பார்த்தால் தெரியாத வெடிப்பு வளைத்தால் வாய் திறக்கும். எஞ்சின் மவுண்ட் தேய்ந்த வண்டியில் பிரேக் பிடிக்கும்போது எஞ்சின் அசைந்து அந்த வெடிப்பு விரியும், காற்று கணக்கில்லாமல் உள்ளே போகும், எஞ்சின் நிற்கும். சின்ன வெக்கியூம் ஹோஸ்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். லயத்துப் பக்கம், மரக்கறித் தோட்டத்துப் பக்கம் இரவில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஹோஸை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எஞ்சினை ஓட விட்டு, ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை ஹோஸ்கள் பக்கம் கொண்டுபோனால், ஓட்டை இருக்கும் இடத்தில் ஸ்ஸ் என்று இழுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஃபேன், பெல்ட் பக்கம் குழாயும் கையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதெல்லாம் சரி என்றால், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டில் பொடி. ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி இழுத்தால் உள்ளே வட்டமான பித்தளை நிறத் தகடு தெரியும். தகட்டின் விளிம்பு சுவரில் முட்டும் இடத்தைப் பாருங்கள். அழுக்கான வண்டியில் அந்த இடம் முழுக்க வளையம் போல ஒட்டுக்கரி படிந்திருக்கும், விரலால் தொட்டால் அடுப்புக்கரியும் எண்ணெயும் குழைத்த மாதிரி பிசுபிசுக்கும். கால் எடுத்தால் தகடு மூடும், எஞ்சின் உயிரோடு இருப்பதற்கு அந்த விளிம்பால் போகிற கொஞ்சக் காற்றுதான் இருக்கிறது, அதைக் கரி அடைத்துவிடுகிறது.

சாவியை எடுத்துவிட்டு, த்ரொட்டில் கிளீனரை பழைய பெனியன் துணியில் அடித்துத் துடையுங்கள். கேபிள் உள்ள பழைய வகையில் தகட்டைத் திறந்து பிடித்துத் துடைக்கலாம். கேபிள் இல்லாத எலக்ட்ரோனிக் வகையில் தகட்டை விரலால் பலவந்தமாகத் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்லுச் சக்கரம் உடைந்தால் முழு சாமானும் மாற்ற வேண்டி வரும். பக்கத்தில் ஐட்லிங் வால்வு தனியாக இருந்தால் அதையும் கழற்றி அதன் ஓட்டையைத் துடையுங்கள், கேஸ்கெட் கிழியாமல் கவனம்.

துடைத்த பிறகு ஐட்லிங் உயர்ந்து நின்றால் பயப்படாதீர்கள். அழுக்கோடு பழகிய கம்ப்யூட்டர் புதிதாகப் படிக்க வேண்டும். லைட், ஏ.சி. எல்லாம் ஓஃப் பண்ணி, ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை சுழலும் வரை ஐட்லிங்கில் விடுங்கள், அப்புறம் ஏ.சி. போட்டு சில நிமிஷம் விடுங்கள். சில நிசான் வண்டிகளுக்கு இது போதாது, வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டும் ஸ்கேனர் வைத்துப் படிப்பிக்க வேண்டும். சூடான எஞ்சினில் முள் 650க்கும் 800க்கும் இடையில் ஆடாமல் நின்றால் வேலை முடிந்தது.

இதைச் செய்யாமல் ஸ்க்ரூவைத் திருகி ரேஸை, அதாவது ஐட்லிங் வேகத்தை, கூட்டி அனுப்பும் வழக்கம் சில கராஜ்களில் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நிற்பது இரண்டு வாரத்துக்கு மறையும், கரி தொடர்ந்து படியும். அதோடு ஓட்டோ கியர் வண்டியில் கூடின ரேஸ் இறக்கத்தில் வண்டியை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும், நீங்கள் பிரேக்கை எரித்துக்கொண்டு இறங்குவீர்கள்.

துடைத்தும் நிற்கிறதா? ஐட்லிங்கில் கரடுமுரடாக ஆடி, ஓடும்போது மட்டும் பட்டுப்போல ஓடினால், எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு மூடாமல் கரியில் சிக்கியிருக்கலாம், இது எல்லா வண்டியிலும் இல்லை. அதற்கப்புறம் காற்றை அளக்கும் சென்சர். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், ஸ்கேன் பண்ண வேண்டிய இடம் அது. பி 0505 என்ற கோட் வந்தால் ஐட்லிங் கட்டுப்பாட்டுக் கோளாறு, பி 0171 என்று வந்தால் காற்று கூடி பெற்றோல் குறைகிறது, அதாவது திரும்பவும் ஹோஸ் ஓட்டையைத் தேடச் சொல்கிறது. எஞ்சின் விளக்கு எரியவில்லை என்பதால் கோட் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம், ஸ்கேன் பண்ணிப் பார்த்தால் சில நேரம் உள்ளே பதிந்திருக்கும்.

## ஏ.சி., லைட், வைப்பர் எல்லாம் போட்டால் மட்டும் நிற்கும்

பனிமூட்டத்தில் இறங்கும்போது கண்ணாடி புகையாமல் இருக்க ஏ.சி., ஹெட்லைட், வைப்பர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஒரேயடியாகப் போடுவோம். அதனால் நம் ஊரில் இது அதிகம்.

முதலில் பெட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. வெள்ளைப் பூ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடையுங்கள். பிறகு ஒரு சாதாரண மீற்றர் போதும். எஞ்சின் ஓஃபில் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், ஸ்டார்ட் பண்ணியதும் 13.8இல் இருந்து 14.4க்குள் வர வேண்டும். எல்லாம் போட்ட பிறகு 13க்கும் கீழே போய்க்கொண்டே இருந்தால் பெட்டரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டர்நேட்டரோ அதன் பெல்ட்டோ பிழை, வயரிங் வேலை செய்யும் பாஸிடம் போங்கள். வோல்ட் சரியாக இருந்தும் ஏ.சி. போட்டதும் முள் விழுந்தால், மேலே சொன்ன த்ரொட்டில் பொடியைத் துடையுங்கள். அதற்கும் அடங்காமல், ஏ.சி. போடும்போது எஞ்சின் முனகி பெல்ட் கிறீச்சிட்டால் கம்ப்ரஸர் இறுகுகிறது. அது செலவான விஷயம், அதுவரை ஏ.சி. இல்லாமல் ஓடலாம்.

## பிரேக் மிதித்த நொடியிலேயே நிற்கும்

வேகம் குறையும் முன்னமே, மிதிக்கும்போதே எஞ்சின் திணறுகிறது, காலடியில் ஸ்ஸ் என்று சத்தம் வருகிறது. இது வந்தால் அன்றைக்கே பாருங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள்.

சமதரையில் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, எஞ்சின் ஓஃபில் பிரேக்கை ஐந்தாறு தடவை மிதித்தால் மிதி இறுகிவிடும். அந்த இறுகிய மிதியில் காலை வைத்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்கினால் வெக்கியூம் வருகிறது. இறங்காவிட்டால் வரவில்லை. அடுத்து ஐட்லிங்கில் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டே இருங்கள். முள் ஒரு தடவை லேசாக அசைந்து நிலைக்கு வந்தால் பரவாயில்லை. பிடித்திருக்கும் நேரமெல்லாம் எஞ்சின் நடுங்கி சத்தமும் தொடர்ந்தால் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறது.

நீங்களாகச் செய்யக்கூடியது, எஞ்சினில் இருந்து பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸிலும் அதன் கிளிப்பிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான். வெடித்திருந்தால் சாதாரண பெற்றோல் ஹோஸைப் போட்டுச் சமாளிக்காதீர்கள், அதற்கென்று இருக்கும் தடித்த ஹோஸையே வாங்குங்கள். ஹோஸ் நல்லது என்றால் வண்டியை எடுக்க வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள் அல்லது ஏற்றி அனுப்புங்கள்.

## காலைக் குளிரில் மட்டும் நிற்கும்

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும் நாட்களில் இது வரும். குளிரில் ஸ்டார்ட் பண்ணியதும் முள் 1,200இல் இருந்து 1,500 வரை நின்று, சூடாகச் சூடாக இறங்க வேண்டும். ஆரம்பத்திலேயே 700இல் தள்ளாடினால் த்ரொட்டில், ஐட்லிங் வால்வு, அப்புறம் தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சர் என்ற வரிசையில் பாருங்கள். அந்த சென்சர் பெரிய விலை இல்லை.

ஏற்றத்தில் சரியாக நிற்கும் டெம்பரேச்சர் முள் நீண்ட இறக்கத்தில் கீழே கீழே போகிறதா? ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறது. கொழும்பு வெயிலில் ஓடும் வண்டியில் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். மூடுபனியில் ஒரு மணி நேரம் இறங்கும் நம் வண்டியில் எஞ்சின் ஆறிப்போய், அடிவாரத்தில் மெதுவாகும்போது நிற்கும். சூடு அதிகம் என்று யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகளும் இப்படித்தான் செய்யும்.

கார்புரேட்டர் வண்டி என்றால் முதலில் சோக் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடுத்து, கீழ்நாட்டில் டியூன் பண்ணிய வண்டியா என்று கேளுங்கள். நுவரெலியா உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு, கீழ்நாட்டில் அளந்து வைத்த பெற்றோல் இங்கே கூடிப்போகும், பிளக் கறுக்கும், மெதுவாகும்போது மூச்சடைத்து நிற்கும். நீங்கள் வழக்கமாக ஓடும் உயரத்தில் வைத்து கலவை ஸ்க்ரூவைச் சரிபண்ணும் பழைய கை ஒன்றைத் தேடுங்கள்.

## நன்றாகச் சூடான பிறகு நிற்கும், உடனே ஸ்டார்ட் ஆகாது

நீண்ட ஏற்றம் ஏறி பஜாரில் மெதுவாகும்போது நின்று, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகும் வண்டி. இங்கே காற்று வழியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நின்ற அந்த நேரத்திலேயே இரண்டு சோதனை செய்யுங்கள், ஆறிய பிறகு எதுவும் தெரியாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சமாவது எழுகிறதா? பல வண்டிகளில் அது செத்ததுபோல் கிடந்தால், எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சர்தான், ஸ்கேனில் பி 0335 வந்தால் சந்தேகமே இல்லை, சென்சரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். முள் எழுந்தால், சாவியை ஒன் பண்ணி பின் சீற்றுக்கு அடியில் காது வையுங்கள், இரண்டு மூன்று வினாடி பம்ப் முனகும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, கடைசியாகப் பம்ப். டேங்கின் அடியில் கையால் தட்டி ஸ்டார்ட் ஆனால் பம்ப் சாகப்போகிறது, வீடுவரைக்கும் வரும், அடுத்த பயணத்துக்கு நம்பாதீர்கள். இரண்டும் சரியாக இருந்தால் கொயில், அதை மெக்கானிக் சோதிக்கட்டும்.

## டேங்க் குறைந்தால் அல்லது மழையில் நிற்கும்

கால் டேங்குக்குக் கீழே போனால் செங்குத்தான இறக்கத்திலும் கொண்டை ஊசி வளைவிலும் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். நிரப்பிப் பாருங்கள், அதோடு கோளாறு போய்விட்டால் வேறு வேலை இல்லை. நிரப்பியும் வந்தால் பெற்றோலில் தண்ணீர் இருக்கலாம். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் கேனில் சேர்த்து வைத்த பெற்றோலை ஊற்றிய வண்டிகளில் இதை நிறையப் பார்த்தேன். கொஞ்சம் பெற்றோலை எடுத்து கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, நெருப்புக்குத் தூரமாக அரைமணி நேரம் வையுங்கள். தண்ணீர் அடியில் தனிக் கோடாக நிற்கும். இருந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவி ஃபில்டர் மாற்ற வேண்டும், அது கராஜ் வேலை.

மழையிலும் மூடுபனியிலும் மட்டும் நின்றால், பிளக் வயர் உள்ள பழைய வண்டியில் இருட்டில் பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓட விட்டுப் பாருங்கள். வயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். தொடாதீர்கள். முழு செட் வயரும் மாற்றுங்கள், ஒன்று மட்டும் மாற்றி பலன் இல்லை.

## ஓட்டோ கியர் வண்டி குலுங்கி நிற்கும்

கிளச் மிதிக்காமல் மெனுவல் வண்டியை நிறுத்தினால் எப்படி ஒரு இழுப்பு இழுத்து நிற்குமோ அப்படி. தட்டையான, ஆளில்லாத பாதையில், நிற்கப் போகும் கடைசி சில மீற்றரில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். நியூட்ரலில் எஞ்சின் நிற்காமல் டி (D) கியரில் மட்டும் குலுங்கி நின்றால், எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஒன்றாகப் பூட்டும் லொக்கப் விடாமல் பிடித்திருக்கிறது. கியர் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பாருங்கள், கறுத்து கருகிய வாடை வந்தால் நிலைமை பாரதூரம். இதற்கு மேலே நீங்கள் கை வைக்க வேண்டாம். ஓட்டோ கியருக்கென்றே இருக்கும் கராஜிடம் கொடுங்கள். முழு கியர் பொக்ஸ் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளும் முன், லொக்கப்பை இயக்கும் மின் வால்வான சொலனொயிட் மட்டும் பிழையா என்று சோதித்தீர்களா என்று கேளுங்கள், சிலதில் அதோடு முடியும்.

கராஜில் விடும்போது அந்தக் கொப்பியையும் கொடுங்கள், நீங்கள் ஏற்கனவே துடைத்தது, மாற்றியது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு பஜாரை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வண்டியை வாங்கிக்கொண்டு வராதீர்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, எஞ்சின் சூடாகும் வரை ஏறி, அதே இறக்கத்தில் இறங்கி, ஏ.சி. போட்டும் போடாமலும் நாலைந்து தடவை பிரேக் பிடித்து நிறுத்திப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.